பைல் போய்ச் சேருமோ?

வன்னியில் 'பைல்' என்று சொன்னால் முதலில் கணினி ஞாபகத்துக்கு வராது. ஒரு பிளாஸ்ரிக் உறை ஞாபகத்துக்கு வரும். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் வந்து இருந்தபோது, அம்மாமாரின் மடியில் இருந்தது அதுதான். கொஞ்ச நாளில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கொட்டில்கள் எழும்பின. அங்கேயும் அதே பைல்கள். பிள்ளையின் படம், பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், பொலிஸில் முறைப்பாடு போட்ட துண்டு, பல அலுவலகங்கள் அனுப்பின கடிதங்கள். 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் வந்த பரணகம ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பைல் திறக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிரதி கேட்டிருக்கிறார்கள்.

கடந்த வருசம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, விருப்பப்பட்ட குடும்பங்களின் பைல்களை ஸ்கேன் பண்ணி வைக்கிற வேலையைத் தொடங்கினோம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அம்மா தன்னுடைய பைலைத் தருவதற்கு முதல் எங்களை இருத்தி வைத்துக் கேட்டார்.

"இதை எங்க தம்பி அனுப்பப் போறியள்? இடையில ஆரும் பிரிச்சுப் பாப்பினமோ? அனுப்பினது அனுப்பினபடியே போய்ச் சேருமோ? அங்க வாங்கிறது உங்கட ஆக்கள்தான் எண்டு என்னண்டு தெரியும்?"

"ஒரு பிரச்சினையும் இல்லையம்மா" என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் எங்களுக்கே விடை தெரியாது என்பது உறைத்தது. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். எங்களிடம் இருந்தது கடனாக வாங்கின ஒரு ஸ்கேனர். அதை ரவுட்டரில் கொழுவிவிட்டால் எடுக்கிற படத்தைத் தானே தூரத்தில் உள்ள சேர்வருக்கு அனுப்பும். அதன் திரையில் 'எப்.ரி.பி' என்று ஏற்கெனவே தெரிவாகியிருந்தது. அப்படியே விட்டிருந்தோம். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற நண்பன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "நிப்பாட்டுங்கோடா, இது தபாலட்டையில பேங்க் பாஸ்வேர்ட் எழுதி அனுப்பிற மாதிரி" என்றான்.

அந்த அம்மா கேட்ட கேள்விகளுக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

வாசல் பூட்டாத காலம்

எப்.ரி.பி என்பது ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பு அனுப்புகிற ஒழுங்குமுறை. இதை முதலில் எழுதியவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.ரி யின் முதல் தொகுதியில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.ரி க்குப் போனவர். 1971 ஏப்ரல் 16 ஆம் திகதியிட்ட அவருடைய ஆவணம்தான் தொடக்கம். இன்ரநெற் என்ற பெயரே பழக்கத்துக்கு வராத காலம் அது. அர்ப்பாநெற் என்ற வலையமைப்பில் ஒரு சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் மட்டும்தான் இணைந்திருந்தன. ஒருவரை ஒருவர் தெரிந்த ஆட்கள். எங்கட ஊரில் பகலில் கதவு பூட்டாமல் வயலுக்குப் போன காலம் என்று அப்பப்பா ஆட்கள் சொல்வார்களே, அது போல.

அதனால் எப்.ரி.பி யில் பெயரும் கடவுச்சொல்லும் எழுத்து எழுத்தாக, மறைப்பு ஏதும் இல்லாமல் கம்பியில் போகும். பின்னால் வருகிற கோப்பும் அப்படித்தான். நடுவில் யாராவது காது வைத்தால் எல்லாம் கேட்கும். 1971 இல் காது வைக்க ஆள் இருக்கவில்லை. பிறகு ஊர் பெருத்தது. கதவு மட்டும் அப்படியே இருந்தது.

அதைவிடத் திறந்த கதவு ஒன்றும் வந்தது. ரவுட்டர் போன்ற சின்னக் கருவிகளில் நினைவகம் மிகவும் குறைவு. பெரிய ஒழுங்குமுறைகளை அதற்குள் அடைக்க ஏலாது. ஆகவே எல்லாவற்றையும் வெட்டிக் குறுக்கி ரி.எப்.ரி.பி என்று ஒன்றைச் செய்தார்கள். அதில் பெயரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. கேட்டால் கொடுக்கும், கொடுத்தால் வாங்கும். ஒரு நிறுவனத்தின் ரவுட்டர் அமைப்பு முழுவதையும் இதனால் பிரதி எடுத்து வைக்கிற பழக்கம் பல வருசங்கள் இருந்தது.

ரி.எப்.ரி.பி யின் திருத்திய விவரணம் வெளியான மாதம் 1981 ஜூன். அந்த மாதம் பிறந்த இரவில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. மே 31 இரவு தொடங்கிய நெருப்பில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். ஒரு கருவியின் அமைப்பைக்கூடப் பழுதானால் என்ன செய்வது என்று இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வைக்க உலகம் பழகிக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்த பல ஏடுகள் ஒற்றைப் பிரதிகள்.

திறந்த கடிதம், கேட்கிற ரெலிபோன்

பாதுகாப்பாக அனுப்புவது என்ற பிரச்சினை வன்னிக்குக் கணினியோடு வந்ததில்லை. 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கின பிறகு வடக்கில் ரெலிபோன் செத்துப் போனது. வருசக் கணக்காக வன்னிப் பெருநிலத்தில் ஒரு ரெலிபோன் மணியும் அடிக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். அதே 1990களின் தொடக்கத்தில், தெற்கில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு மின்னஞ்சலோடு தொடங்கியிருந்தது. ஒரே தீவு, ஒரே வருசங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு செய்தி போக மூன்று வழிகள் இருந்தன என்று எங்கட வீடுகளில் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

ஒன்று, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் குடும்பச் செய்தித்தாள். அது ஒட்டாத கடிதம். குடும்ப விசயம் மட்டும்தான் எழுதலாம், யாரும் வாசிக்கலாம். ஒளிக்க எதுவும் இல்லை என்பதுதான் அதற்குக் கிடைத்த அனுமதி. 'நாங்கள் சுகம், நீ சுகமோ' என்பதற்கு மேல் அதில் போகாது. ஆனால் போய்ச் சேரும்.

இரண்டு, ஆள் மூலம் அனுப்புவது. பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போகிற ஒருவரின் சட்டைப் பையில் கடிதம் போகும். இது கமுக்கம். ஆனால் சோதனைச் சாவடியில் எல்லாப் பையையும் கொட்டிப் பார்ப்பார்கள். கடிதம் பிடிபட்டால் எழுதினவரைவிடக் கொண்டுபோனவருக்குத்தான் முதல் கேள்வி.

மூன்று, வவுனியாவில் இருந்த கொமினிகேசன் கடைகள். வெளிநாட்டில் இருக்கிற மகனோடு கதைப்பதற்காக நாட்கணக்கில் மினக்கெட்டுப் போவார்கள். ரிசீவரைத் தூக்கினவுடன் கேட்கிற முதல் கேள்வி "ஆர் கதைக்கிறது?" என்பதுதான். குரல் கரகரக்கும். சந்தேகம் வந்தால், வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பார்கள். கிணத்தடியில என்ன மரம் நிக்குது, சின்னாச்சியை நாங்கள் என்னெண்டு கூப்பிடுறது என்று. விடை சரியாக வந்த பிறகுதான் காசுக் கதை.

இந்த மூன்றையும் பார்த்தால், அந்த அம்மா எங்களிடம் கேட்ட கேள்விகள் அவருக்குப் புதிதல்ல என்பது விளங்கும். செஞ்சிலுவைத் தாள் போய்ச் சேரும், ஆனால் எல்லாரும் வாசிப்பார்கள். ஆள் மூலம் போகிற கடிதம் மூடியிருக்கும், ஆனால் சேருமோ தெரியாது. ரெலிபோனில் அடுத்த பக்கம் யார் என்று பரீட்சை வைக்க வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைத்த வழி ஒன்று கூட இருக்கவில்லை.

1995

அந்த மூன்றையும் ஒன்றாகத் தருகிற வழியைக் கணினி உலகம் கண்டுபிடித்தது 1995 இல். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒருவர் கள்ளமாக ஒரு மென்பொருளைப் போட்டு, கம்பியில் போன கடவுச்சொற்களை எல்லாம் பொறுக்கி எடுத்திருந்தார். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யிலோனென் இதைப் பார்த்துவிட்டுத் தானே ஒரு மாற்று வழியை எழுதி, ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். அதுதான் எஸ்.எஸ்.எச். ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் ஒரு வாசல் இலக்கம் உண்டு. எப்.ரி.பி க்கு 21. ரெல்நெற் என்ற இன்னொரு பூட்டாத பழைய சேவைக்கு 23. நடுவில் 22 வெறுமையாகக் கிடந்தது. அதைக் கேட்டு எழுதினார், கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அது 22 தான்.

அதன் அடுத்த பதிப்புக்குள்ளேயே கோப்பு அனுப்புகிற வசதியும் வந்தது. அதுதான் எஸ்.எப்.ரி.பி. 1999 இல் ஓப்பன் எஸ்.எஸ்.எச் என்ற திறந்த மூலப் பதிப்பு வந்த பிறகு காசில்லாமல் எவரும் பாவிக்கக் கூடியதாயிற்று.

1995 ஜூலை இங்கே எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது அந்த மாதம் 9 ஆம் திகதி. ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தது. அங்கிருந்து பெருந்தொகையானவர்கள் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்தார்கள். எங்களில் சிலரின் குடும்பங்கள் கிளிநொச்சிக்காரர் ஆனது அப்படித்தான். அவர்கள் கொண்டுவந்த சாமான்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லுவார்கள். தையல் மிசின், ஆட்டுக்குட்டி, அரிசி. எல்லார் கதையிலும் வருவது மட்டும் ஒரு சொப்பிங் பாக். அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை.

அந்தச் சொப்பிங் பாக் 2008, 2009 இலும் நடந்தது. 2008 செப்ரெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடக்க நடக்கச் சாமான் குறைந்துகொண்டு போனது. பாத்திரத்தை விட்டார்கள், சைக்கிளை விட்டார்கள். கடதாசியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டினார்கள். சிலர் பங்கருக்குப் பக்கத்தில் தாட்டுவிட்டு வந்தார்கள். செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் பதியும்போது ஒரு துண்டுகூட இல்லாமல் நின்றவர்கள் ஏராளம். பிறகு நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று, தாங்கள் பிறந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது.

பிள்ளை காணாமல் போன குடும்பங்களுக்கு இன்னொன்றும் நடந்தது. 'உங்கட மகன் இன்ன முகாமில் இருக்கிறான், காசு தந்தால் எடுத்துத் தாறன்' என்று வந்தவர்களை நம்பி, நகையையும் காணியையும் ஈடு வைத்தவர்கள் உண்டு. அடுத்த பக்கத்தில் இருப்பவர் உண்மையில் யார் என்ற கேள்வி எங்களுக்கு நெட்வேர்க் பாடம். அவர்களுக்கு அது காசும் கண்ணீரும்.

நாங்கள் செய்தது

ஸ்கேனரின் பட்டியலில் கீழே தள்ளிப் பார்த்தால் எஸ்.எப்.ரி.பி யும் இருந்தது. தெரிவு செய்ய எடுத்தது ஒரு நிமிசம். ஒழுங்காகச் செய்ய எடுத்தது இரண்டு கிழமை. செய்தவற்றை, இதே வேலை செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதிவைக்கிறோம்.

முதலில் திறப்பு. கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு சோடித் திறப்பு செய்தோம். ஒன்று அந்தரங்கம், மற்றது பகிரங்கம். பகிரங்கத் திறப்பைச் சேர்வரில் வைப்பது. அந்தரங்கத் திறப்பு அனுப்புகிற கருவியை விட்டு வெளியே போகாது. சேர்வர் ஒரு புதிர் போடும், அந்தரங்கத் திறப்பு வைத்திருக்கிறவரால் மட்டும்தான் அதை அவிழ்க்க முடியும். திறப்பைக் காட்டாமலே திறப்பு தன்னிடம் இருக்கிறது என்று நிரூபிக்கிற முறை இது. கடவுச்சொல் கம்பியில் போகவே தேவையில்லை.

இரண்டாவது, சேர்வரின் கைரேகை. முதன்முதல் இணையும்போது, 'இந்தச் சேர்வரை எனக்குத் தெரியாது, இதன் கைரேகை இது, நம்பட்டோ?' என்று கேட்கும். அநேகமானவர்கள் வாசிக்காமலே 'ஓம்' போட்டுவிடுவார்கள். நாங்களும் போட்டோம். ஒரு மாதம் கழித்துத் திடீரென்று 'கைரேகை மாறிவிட்டது' என்று எச்சரிக்கை வந்தது. அதற்கும் 'ஓம்' போட விரல் போய்விட்டது. நண்பன் தடுத்தான். சேர்வரைப் பராமரிக்கிற அக்காவுக்குக் கோல் எடுத்தோம். சேர்வரைத் திரும்ப நிறுவியதாகச் சொன்னார். எங்கட திரையில் இருந்த எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாகத் தன்னுடைய பக்கத்தில் இருந்து வாசித்தார், நாங்கள் சரி பார்த்தோம். கிணத்தடியில என்ன மரம் நிக்குது என்று கேட்டதுபோலத்தான் இருந்தது.

மூன்றாவது, அறையின் அளவு. ஸ்கேனர் நுழைகிற கணக்குக்கு ஒரே ஒரு கோப்புறையில் மட்டும் இடம். அங்கே போடலாம், வேறெங்கும் நடமாட ஏலாது, கட்டளை இட ஏலாது. ஸ்கேனர் களவு போனாலும் அதை வைத்து மற்றக் குடும்பங்களின் பைல்களை எடுக்க முடியாதபடி, வந்த கோப்புகளைச் சேர்வரே கொஞ்ச நேரத்தில் உள் அறைக்கு மாற்றிவிடும்.

நான்காவது, போனது போனபடி இருக்கிறதோ என்று பார்ப்பது. ஒவ்வொரு கோப்பில் இருந்தும் கணக்குப் போட்டு 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு சாரம் எடுக்கலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சாரம் முழுக்க மாறிவிடும். வருகிற வழியில் கோப்பு மாறாமல் எஸ்.எஸ்.எச் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஐந்து வருசம் கழித்துச் சேர்வரில் இருப்பது இன்றைக்கு அனுப்பினதுதானோ என்று கேட்டால் சாரம்தான் சாட்சி. எல்லாச் சாரங்களையும் கடதாசியிலும் அச்சடித்து வைத்திருக்கிறோம்.

கடைசியாக, இன்னொரு பிரதி இன்னோர் ஊரில். 1981 இல் இருந்து இதையாவது படிக்க வேண்டும்.

இதால் ஏலாதவை

அந்த அம்மாவிடம் திரும்பிப் போனபோது இந்த முறை 'ஒரு பிரச்சினையும் இல்லை' என்று சொல்லவில்லை. ஏலாதவற்றையும் சொன்னோம்.

எஸ்.எப்.ரி.பி வழியை மட்டும்தான் காக்கும், இரண்டு முனைகளையும் காக்காது. எங்கட மடிக்கணினியை ஒருவர் பறித்தால், சேர்வர் இருக்கிற இடத்துக்கு ஒருவர் வந்து கேட்டால், வழி எவ்வளவு பத்திரமாக இருந்தும் பயனில்லை. அதற்கு வட்டைக் குறியாக்கம் செய்வது வேறு வேலை, செய்திருக்கிறோம். நடுவில் பார்க்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் இந்த வீட்டு இணைப்பில் இருந்து இந்தச் சேர்வருக்கு இந்த நேரத்தில் இவ்வளவு போனது என்பது தெரியும். வாசிக்க ஏலாத கடிதம்தான், ஆனால் கடிதம் போனது தெரியும். இன்னொன்று, போட்டோகொப்பி எடுக்கிற பெரிய மிசின்கள் பலவற்றின் உள்ளே வன்வட்டு இருக்கிறது. பிரதி எடுத்ததன் உருவம் அதற்குள் தங்கிவிடக் கூடும். இவ்வளவு வருசமும் எத்தனை மிசின்களில் எத்தனை தரம் அந்தப் பைல் பிரதி எடுக்கப்பட்டிருக்கும்?

அதனால் எதை ஸ்கேன் பண்ணுவது, எதை விடுவது, யார் பார்க்கலாம் என்பதை அவரிடமே விட்டோம். பைலில் இருந்து இரண்டு கடிதங்களை எடுத்துத் தனியே வைத்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

எல்லா ஆவணத்தையும் மூடி வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 1998 இல் தொடங்கின மதுரைத் திட்டமும், 2005 இல் தொடங்கின நூலகம் திட்டமும் எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் உலகத்துக்குத் திறந்து வைத்ததால்தான் எங்களைப் போன்றவர்கள் பரீட்சைக்கே படிக்கிறோம். புத்தகம் திறந்திருக்க வேண்டியது. ஒரு அம்மாவின் பைல் அப்படியில்லை. அதை எப்ப, யாருக்குத் திறப்பது என்பது அவருடைய உரிமை. அந்த உரிமையை வழியில் தொலைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த 22 ஆம் வாசலின் வேலை.

அன்றைக்கு ஸ்கேன் பண்ணி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பைலை அவரிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் உடனே மூடவில்லை. பாயில் இருந்து, ஒவ்வொரு ஒற்றையாக எடுத்து எண்ணினார். நாங்கள் மடிக்கணினியில் சேர்வருக்குப் போனவற்றை எண்ணினோம். எடுத்து வைத்த இரண்டு கடிதங்களையும் விட்டு அவருக்கு நாற்பத்தேழு. எங்களுக்கும் நாற்பத்தேழு.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழும்பினார்.

உங்கட வீட்டிலயும் ஒரு பைல் இருக்கும். அலுமாரிக்கு மேல, உடுப்புக்குக் கீழ, கறையான் போகக்கூடிய எங்கேயாவது. ஒருக்கா எடுத்து எண்ணிப் பாருங்கோ.